சிட்டையைக் கிழித்தவன்

எல்டிஎஃப் என்று முடியும் கோப்பு ஒன்றை, அதாவது ஒரு டேட்டாபேஸின் டிரான்சாக்ஷன் லாக்கை, நான் அழித்திருக்கிறேன். ஷிப்ட் டெலீட். ரீசைக்கிள் பின்னுக்குக்கூடப் போகாத அழிப்பு. நடந்தது 2009இல், வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருஷம். இன்றைக்கு டேட்டாபேஸ் நிர்வாகம்தான் எனக்குச் சோறு போடுகிறது என்பதால் இதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் இதில் ஆரம்பித்தால்தான் மற்றதைச் சொல்ல முடியும்.

சென்னையில் வாகன உதிரிபாகங்கள் மொத்த வியாபாரம் செய்யும் ஒரு நிறுவனம். மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வர் 2005 டேட்டாபேஸ். மத்தியானம் மூன்று மணிக்கு பில் போடுவது நின்றுபோனது. போய்ப் பார்த்தால் டிஸ்க்கில் இடமில்லை. டேட்டா ஃபைல் 9 ஜிபி. பக்கத்திலேயே லாக் ஃபைல் 61 ஜிபி. எனக்கு அதுவரை தெரிந்த லாக் எல்லாம் வெப் சர்வர் எழுதித் தள்ளும் டெக்ஸ்ட் ஃபைல்கள்தான். வாராவாரம் பழையதை அழிப்பேன், யாரும் கேட்டதில்லை. இதுவும் அதுபோலத்தான் என்று நினைத்தேன். ஃபைல் உபயோகத்தில் இருக்கிறது, அழிக்க முடியாது என்று விண்டோஸ் சொன்னது. சர்வீஸை நிறுத்தப் பார்த்தேன். நிற்காமல் இழுத்துக்கொண்டே இருந்தது. பொறுமையில்லாமல் டாஸ்க் மேனேஜரில் பிராசஸைக் கொன்றேன். ஃபைலை அழித்தேன். 61 ஜிபி காலி. சர்வீஸை மறுபடி கிளப்பினேன்.

டேட்டாபேஸ் பெயருக்குப் பக்கத்தில் 'ரெக்கவரி பெண்டிங்' என்று எழுதியிருந்தது.

ஒழுங்காக நிறுத்தப்பட்ட டேட்டாபேஸ் என்றால் லாக் ஃபைலைப் புதிதாக உண்டாக்கி எழுப்பிவிட வழி உண்டு. நான் பாதி வேலையில் கழுத்தை நெரித்திருந்தேன். எமர்ஜென்சி மோடில் போட்டு ரிப்பேர் கட்டளை கொடுக்கலாமா என்று கேட்டேன். மூத்தவர் ஒருவர் மறுத்துவிட்டார். "எழுந்து உட்காரும். ஆனா எந்த பில்லுக்கு ஸ்டாக் குறைஞ்சிருக்கு, எந்த பில்லுக்குக் குறையலைன்னு நீ சொல்வியா?" என்று கேட்டார். நான் சொல்ல மாட்டேன். யாராலும் சொல்ல முடியாது. முந்தைய நாள் இரவு எடுத்த பேக்கப்பை ரீஸ்டோர் செய்தோம். அன்றைக்குக் காலையிலிருந்து போட்ட பில் எல்லாம் போச்சு.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு இந்தத் தொழிலில் கிடைத்த முதல் பாடம். நல்லவேளையாக அந்தக் கடையில் ஒவ்வொரு பில்லுக்கும் காகிதத்தில் ஒரு நகல் வைக்கும் வழக்கம் இருந்தது. அறுநூற்றுச் சொச்சம் பில். ஏழு பேர் உட்கார்ந்து, பில் எண் வரிசை மாறாமல், ராத்திரி இரண்டரை மணி வரை மறுபடி அடித்தோம். வரிசை மாறக் கூடாது என்று ஸ்டோர் பொறுப்பாளர் கறாராகச் சொல்லிவிட்டார். பத்து மணிக்கு வந்த சரக்கைப் பதினொரு மணிக்கு விற்றிருப்பார்கள். முதலில் விற்பனையை அடித்தால் ஸ்டாக் இல்லை என்று சொல்லும். நடுநடுவே சில நகல்களில் குறுக்குக் கோடு போட்டு, ரத்து என்று எழுதிய சீட்டு குத்தப்பட்டிருந்தது. அதையும் விடக் கூடாது. முதலில் பில்லை அடித்து, பிறகு ரத்து செய்ய வேண்டும், இல்லாவிட்டால் எண் வரிசை உதைக்கும். ஒரு பில் பாதியில் நின்றிருந்தது. வாடிக்கையாளர் பேரம் படியாமல் போய்விட்டாராம். அதை ஒதுக்கி வைத்தோம்.

நான் அழித்த அந்த 61 ஜிபி கோப்பு இதே வேலையைச் சில நிமிஷத்தில் செய்திருக்கும் என்பது பின்னால்தான் எனக்கு உறைத்தது. நடந்ததை வரிசைப்படி மறுபடி நடத்துவது ரீடூ. முடியாமல் நின்றதைப் பின்வாங்குவது அன்டூ. ஏழு பேர் மெஷினாக மாறி, காகித லாக்கை வைத்துக்கொண்டு ரெக்கவரி ஓட்டியிருக்கிறோம்.

பெயர்தான் முதல் வில்லன் என்று இப்போதும் நினைக்கிறேன். லாக் என்றாலே ஏதோ புலம்பல் குறிப்பு, வேண்டாதது, இடத்தை அடைப்பது என்று கை பரபரக்கிறது. நான் மட்டும் இல்லை, உலகம் முழுக்க இதே கதை. போஸ்ட்கிரஸ்க்யூஎல் என்ற இன்னொரு டேட்டாபேஸில் இந்தக் கோப்புகள் இருக்கும் ஃபோல்டரின் பெயர் ஒரு காலத்தில் பிஜி_எக்ஸ்லாக். டிஸ்க் நிறைந்த பதற்றத்தில் லாக்தானே என்று அதைத் துடைத்து டேட்டாபேஸைக் கொன்றவர்கள் அத்தனை பேர். 2017இல் வந்த 10ஆம் பதிப்பில் அதன் பெயரையே பிஜி_வால் என்று மாற்றிவிட்டார்கள் (வால் என்பது ரைட் அஹெட் லாக் என்பதன் சுருக்கம்). பிஜி_கிளாக் என்று இன்னொன்று இருந்தது, அதுவும் பிஜி_எக்ஸ்ஆக்ட் ஆனது. ஒரு மென்பொருள் தன் மனிதர்களுக்குப் பயந்து பெயர் மாற்றிக்கொண்டது என்றால் இதைத்தான் சொல்வேன்.

தமிழில் இதற்குச் சரியான சொல் என் வீட்டிலேயே இருந்தது. அப்பா ஒரு பருப்பு மண்டியில் கணக்குப்பிள்ளை. அவரிடம் இரண்டு புத்தகம் இருக்கும். ஒன்று சிட்டை, இன்னொன்று பேரேடு. பகல் முழுக்க யார் வந்தாலும், எது நடந்தாலும், நடந்த வரிசையிலேயே சிட்டையில் ஒரு வரி. மூட்டை இறங்கியதா, ஒரு வரி. பணம் கொடுத்தாரா, ஒரு வரி. தப்பாக எழுதிவிட்டால் அழிக்க மாட்டார், அடுத்த வரியில் எதிர்ப்பதிவு போடுவார். ராத்திரி கடை சாத்திய பிறகு அதை ஆளாளுக்கான பக்கத்தில் பேரேட்டில் எடுத்தெழுதுவார். வியாபாரிக்கு வேண்டியது பேரேடுதான், யார் எவ்வளவு பாக்கி என்பது அங்கேதான் தெரியும். ஆனால் பேரேட்டில் தகராறு வந்தால் முதலாளி "சிட்டையை எடு" என்பார்.

டிரான்சாக்ஷன் லாக் என்பது சிட்டை. டேட்டா ஃபைலான எம்டிஎஃப் கோப்பு பேரேடு. நீங்கள் ஒரு வரியை மாற்றி, மாற்றம் உறுதி என்று கமிட் கொடுக்கும்போது, அந்த மாற்றம் முதலில் லாக்கில், டிஸ்க்கில், எழுதி முடிக்கப்பட வேண்டும். அப்புறம்தான் 'ஆயிற்று' என்று பதில் வரும். டேட்டா ஃபைலில் இருக்கும் 8 கேபி பக்கம் அப்போதைக்கு நினைவகத்தில் மட்டும் மாறியிருக்கும். செக்பாயின்ட் வரும்போது சாவகாசமாக டிஸ்க்குக்குப் போகும். நடுவில் கரண்ட் போனாலும் கவலையில்லை, சிட்டையைப் பார்த்து எடுத்தெழுதிவிடலாம். அப்பாவின் எதிர்ப்பதிவு பழக்கமும் இங்கே உண்டு. செய்ததைப் பின்வாங்கும் ரோல்பேக் கொடுத்தால் லாக்கில் எழுதியது அழியாது, திருப்பிப் போட்டதற்கும் சேர்த்துப் புது வரிகள் எழுதப்படும். லாக் நிறைகிறதே என்று பயந்து ஓடிக்கொண்டிருக்கும் கட்டளையை ரத்து செய்பவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். எஸ்க்யூஎல் சர்வர் அதற்கென்று முன்கூட்டியே லாக்கில் கொஞ்சம் இடத்தை ஒதுக்கியும் வைக்கும்.

இந்த ஏற்பாட்டுக்கு இலக்கணம் எழுதியவர்களில் முதன்மையானவர் சி. மோகன், சென்னை ஐஐடியில் படித்தவர். ஐபிஎம்மின் அல்மடேன் ஆய்வகத்தில் இருந்தபோது சக ஆய்வாளர்கள் நான்கு பேருடன் அவர் எழுதிய ஏரிஸ் கட்டுரை 1992இல் வெளியானது. முதலில் லாக்கைப் படித்து எங்கே நின்றது என்று ஆராய்வது, பிறகு எல்லாவற்றையும் மறுபடி நடத்துவது, பிறகு முடியாததைப் பின்வாங்குவது என்று மூன்று கட்டம். எஸ்க்யூஎல் சர்வர் உட்பட எத்தனையோ டேட்டாபேஸ்கள் விழுந்து எழும்போது நடக்கும் வழி இதுதான்.

சரி, சிட்டை ஏன் பேரேட்டைவிட ஏழு மடங்கு பெருத்துப்போகிறது?

இதற்குக் கோயம்புத்தூர் கதைக்குப் போக வேண்டும். சில வருஷம் முன்னால் ஒரு மருந்து மொத்த விற்பனை நிறுவனம், எஸ்க்யூஎல் சர்வர் 2012. சனிக்கிழமை ராத்திரி பத்தே முக்காலுக்கு அங்கே சிஸ்டம்ஸ் பார்க்கும் தம்பி கூப்பிட்டார்.

"அண்ணா, பில்லு விழுக மாட்டேங்குதுங்க. பழைய பில்லைத் தொறந்தா தெரியுதுங்க, புதுசாப் போட்டா எர்ரர் அடிக்குதுங்க."

"எர்ரர் நம்பர் என்ன தம்பி?"

"9002ங்கண்ணா."

லாக் நிறைந்துவிட்டது என்பதற்கான எண் அது. டேட்டாபேஸ் உயிரோடு இருக்கும், படிக்கலாம், எழுத முடியாது. சிட்டையில் பக்கம் தீர்ந்துபோன கணக்குப்பிள்ளை பேனாவை மூடி வைத்துவிட்ட மாதிரி.

"எதையாவது அழிச்சீங்களா?" என்று முதலில் கேட்டேன். பழைய பாவம் அப்படிக் கேட்க வைக்கிறது.

"இல்லீங்கண்ணா. ஷ்ரிங்க் மட்டும் போட்டனுங்க. நாலு தடவை போட்டனுங்க. ஒரு எம்பிகூட இறங்கலீங்க."

ரிமோட்டில் உள்ளே போனேன். டேட்டா 38 ஜிபி. லாக் 212 ஜிபி. லாக் இருந்த ஈ டிரைவில் மிச்சம் சில எம்பி. இந்த மாதிரி நேரத்தில் நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன், அதுவும் மனுஷரிடம் இல்லை, சர்வரிடம். சிஸ்.டேட்டாபேசஸ் என்ற வியூவில் லாக்_ரீயூஸ்_வெயிட்_டெஸ்க் என்று ஒரு நெடுவரிசை இருக்கிறது. பழைய லாக்கை ஏன் இன்னும் விட முடியவில்லை என்பதை ஒரே சொல்லில் அது சொல்லும். அங்கே 'லாக்_பேக்கப்' என்று இருந்தது.

"லாக் பேக்கப் எடுக்கறீங்களா தம்பி?"

"தினமும் ராத்திரி ஃபுல் பேக்கப் எடுக்கறமுங்களே."

இந்தப் பதிலை நான் எத்தனை இடத்தில் கேட்டிருக்கிறேன் என்பதற்குக் கணக்கில்லை. ஃபுல் பேக்கப் எடுத்தால் லாக் காலியாகிவிடும் என்ற நம்பிக்கை நம் ஊரில் மட்டும் இல்லை, எங்குமே சாகாவரம் பெற்றது. ஆகாது. பழைய லாக்கை எப்போது விடலாம் என்பதைச் சொல்லும் ரெக்கவரி மாடல் ஃபுல் என்று இருந்தால், தினம் பத்து ஃபுல் பேக்கப் எடுத்தாலும் லாக் தன் பழைய பக்கம் ஒன்றைக்கூட விடாது. லாக் பேக்கப் என்று தனியாக ஒன்று எடுத்தால்தான் விடும். ஃபுல் மாடல் என்றால் அர்த்தமே, "நடந்த ஒவ்வொன்றையும் நீ வேறிடத்தில் நகல் எடுத்து வைக்கிற வரைக்கும் நான் காவல் இருக்கிறேன்" என்பதுதான். அவர்கள் சர்வரை நிறுவிய நாளிலிருந்து பதினான்கு மாதம் யாரும் நகல் எடுக்க வரவில்லை. அது காவல் காத்துக்கொண்டே இருந்திருக்கிறது. இதில் அதன் தப்பு என்ன?

ஷ்ரிங்க் ஏன் இறங்கவில்லை என்பதும் இதனால்தான். லாக் ஃபைல் உள்ளே பல தடுப்புகளாகப் பிரிந்திருக்கும், விஎல்எஃப் என்பார்கள். எழுதும் இடம் ஒவ்வொரு தடுப்பாக நகர்ந்து, கடைசிக்குப் போனதும் முதல் தடுப்பு காலியாக இருந்தால் செக்கு மாடு போலச் சுற்றி அங்கே வந்துவிடும். ஒழுங்காக நகல் எடுக்கப்படும் லாக், இப்படிச் சுற்றிச் சுற்றி அதே அளவிலேயே வருஷக்கணக்கில் ஓடும். முன்னால் இருக்கும் தடுப்பு காலியாகவில்லை என்றால் மாடு திரும்ப இடமில்லை, புதுத் தரை போட்டே ஆக வேண்டும். அதுதான் வளர்ச்சி. ஷ்ரிங்க் என்பது கோப்பின் வால் பக்கத்தில் காலியாக இருப்பதை மட்டும் வெட்டும். எல்லாத் தடுப்பும் நிறைந்திருக்கும்போது அதற்கு வெட்ட ஒன்றுமில்லை. தம்பி நாலு தடவை இல்லை, நானூறு தடவை போட்டிருந்தாலும் அப்படியேதான் இருந்திருக்கும்.

அவசரத்துக்குக் குறுக்கு வழி ஒன்று எல்லோருக்கும் தெரியும்: ரெக்கவரி மாடலை சிம்பிளுக்கு (நகலுக்குக் காத்திராமல் பழைய லாக்கை விட்டுவிடும் மாடல்) மாற்று, செக்பாயின்ட் கொடு, ஷ்ரிங்க் போடு, மறுபடி ஃபுல்லுக்கு மாற்று. இரண்டே நிமிஷம். நான் அதைச் செய்யவில்லை. அன்றைய ஃபுல் பேக்கப் முந்தைய இரவு எடுத்தது. அதற்குப் பிறகு சனிக்கிழமை முழுக்க நடந்த வியாபாரம் அந்த லாக்கில் மட்டும்தான் நகலாக இருந்தது. டேட்டா டிஸ்க் அந்த இரண்டு நிமிஷத்தில் படுத்துவிடப் போவதில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 2009இல் நானும் அப்படித்தான் எதுவும் ஆகாது என்று நினைத்தேன்.

சி டிரைவில் 40 ஜிபி காலி இருந்தது. அங்கே 10 ஜிபிக்கு இரண்டாவது லாக் ஃபைல் ஒன்றைச் சேர்த்தேன். பில் விழ ஆரம்பித்தது. இரண்டு லாக் ஃபைல் இருந்தால் வேகம் கூடும் என்று சிலர் சேர்த்து வைப்பார்கள். வேகம் ஒன்றும் கூடிவிடாது, ஒன்று நிறைந்த பிறகுதான் அடுத்ததில் எழுதும். மூச்சு விட இடம் கொடுப்பதற்கு மட்டும்தான் அது. அப்புறம் தம்பியை ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கைச் செருகச் சொல்லி, கம்ப்ரஷன் போட்டு லாக் பேக்கப்பை ஓடவிட்டேன். பதினான்கு மாதச் சிட்டை. ஓடியது, ஓடியது, விடிகிற வரைக்கும் ஓடியது. நடுவில் அவர் ஒரு தடவை டீ குடித்துவிட்டு வந்தார், நான் ஒரு தடவை.

அது அவ்வளவு இழுத்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது, அதைக் காலையில்தான் பார்த்தேன். யாரோ லாக்கின் ஆட்டோகுரோத்தை, அதாவது ஒவ்வொரு தடவையும் தானாக வளரும் அளவை, 10 எம்பி என்று வைத்திருந்தார்கள். சிக்கனம். 2012 பதிப்பில் 64 எம்பிக்குக் குறைவாக ஒவ்வொரு தடவை வளரும்போதும் நாலு விஎல்எஃப் உண்டாகும். 212 ஜிபியைப் பத்துப் பத்து எம்பியாகச் சேர்த்தால் இருபத்தோராயிரம் தடவைக்கு மேல், நாலால் பெருக்கினால் 86,000 தடுப்புக்கும் மேல். டிபிசிசி லாக்இன்ஃபோ கொடுத்துவிட்டு வரிகள் வந்து விழுந்துகொண்டே இருந்ததைப் பார்த்தேன். சர்வர் ரீஸ்டார்ட் ஆனால் டேட்டாபேஸ் எழுந்திருக்க ஏன் அவ்வளவு நேரம் ஆகிறது என்று அவர்கள் பல மாதமாகக் குழம்பிக்கொண்டிருந்தார்களாம். சாஃப்ட்வேர்காரர் ராம் கூட்டச் சொல்லி, கூட்டியும் ஆயிற்றாம்.

2014 பதிப்பிலிருந்து இந்தக் கணக்கு மாறிவிட்டது. வளரும் அளவு, இருக்கும் லாக்கில் எட்டில் ஒரு பங்குக்குக் குறைவாக இருந்தால் ஒரே ஒரு தடுப்புதான். 2016க்கு முன் லாக் தானாகப் பத்து சதவீதம் வளரும்படி இருந்தது, இப்போது 64 எம்பி. சதவீதத்தில் வைப்பது எனக்கு ஒருபோதும் பிடிக்காது. 100 ஜிபி லாக் வளர வேண்டும் என்றால் ஒரே வீச்சில் 10 ஜிபி. டேட்டா ஃபைல் மாதிரி இல்லை, லாக் ஃபைலில் புதிதாகச் சேரும் இடம் முழுக்க முதலில் பூஜ்யத்தால் நிரப்பப்பட வேண்டும். அது முடிகிற வரை எழுத வந்த அத்தனை பேரும் வரிசையில் நிற்பார்கள். 2022 பதிப்பில்தான் 64 எம்பி வரையிலான வளர்ச்சிக்கு இந்தப் பூஜ்ய வேலையைத் தவிர்க்க முடிந்தது.

ஞாயிறு காலை பேக்கப் முடிந்ததும் லாக்கில் உபயோகத்தில் இருந்தது ஒரு சதவீதத்துக்கும் கீழே. அப்போது ஷ்ரிங்க் போட்டேன். ஆமாம், நானும் போட்டேன். ஷ்ரிங்க் பாவம் இல்லை. தெரிந்த ஒரு காரணத்தால் அசாதாரணமாக வீங்கியதை ஒரே ஒரு தடவை வடிப்பது சிகிச்சை. வாராவாரம் ஜாப் போட்டு வடிப்பதுதான் பைத்தியக்காரத்தனம். திங்கள்கிழமை அது மறுபடி வளரும், வளர்வதற்குப் பூஜ்யம் நிரப்பும், பில் போடுகிறவர் காத்திருப்பார், ஞாயிறு மறுபடி வெட்டுவீர்கள். வெட்ட வெட்ட வளர்வது அதற்கு அவ்வளவு இடம் தேவை என்பதால்தான்.

சின்னதாக்கிய பிறகு, அதை ஒரே வீச்சில் 8 ஜிபிக்கு வளர்த்தேன், ஆட்டோகுரோத் 512 எம்பி. இரண்டாவது லாக் ஃபைலை நீக்கினேன். உடனே புது ஃபுல் பேக்கப் ஒன்று. எதற்கு 8 ஜிபி? டேட்டாவில் 25 சதவீதம் என்று ஒரு வாய்ப்பாடு உலவுகிறது. அதற்கு அடிப்படை எதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. 1 டிபி டேட்டாவில் நாளெல்லாம் படிக்க மட்டுமே செய்தால் லாக்குக்கு வேலையே இல்லை. லாக்கின் அளவைத் தீர்மானிப்பது இரண்டு: இரண்டு லாக் பேக்கப்புக்கு நடுவில் எவ்வளவு எழுதுகிறீர்கள், ஒற்றை டிரான்சாக்ஷனாக நடக்கும் மிகப் பெரிய வேலை எது. இவர்களுக்கு முதலாவது சில நூறு எம்பிதான். இரண்டாவது, ஞாயிறு ராத்திரி நடக்கும் இன்டெக்ஸ் ரீபில்ட், தேடலுக்கான அட்டவணையைப் புதிதாகக் கட்டும் வேலை. அவர்களுடைய பெரிய டேபிளின் பெரிய இன்டெக்ஸ் 6 ஜிபி. ஃபுல் மாடலில் அதை ரீபில்ட் செய்தால் கிட்டத்தட்ட அவ்வளவும் லாக்கில் எழுதப்படும். அதுபோக மிச்சம் கொஞ்சம்.

எத்தனை நிமிஷத்துக்கு ஒரு தடவை லாக் பேக்கப் என்பதை நான் முடிவு செய்யவில்லை, முதலாளியிடம் கேட்டேன். தம்பிதான் போனை அவரிடம் கொடுத்தார். "சார், டிஸ்க் போயிருச்சுன்னா எத்தனை நிமிஷத்து பில் போனாப் பரவாயில்லை?"

"ஒரு பில்லுமே போகக் கூடாதுங்க."

எல்லா முதலாளியும் இதைத்தான் சொல்வார்கள், அதற்கு ஆகும் செலவைச் சொல்கிற வரைக்கும். பதினைந்து நிமிஷத்தில் நின்றது. அந்தப் பேக்கப் கோப்புகள் அதே சர்வரில் இருக்கக் கூடாது, வேறு பெட்டிக்குப் போக வேண்டும் என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. லாக்கும் டேட்டாவும் வேறு வேறு டிஸ்க்கில் இருந்தால் இன்னொரு லாபமும் உண்டு. டேட்டா டிஸ்க் செத்தாலும் லாக் டிஸ்க் பிழைத்திருந்தால், கடைசி நிமிஷம் வரைக்குமான வாலை ஒரு லாக் பேக்கப்பாக எடுத்துவிடலாம். அப்போது, 'ஒரு பில்லுமே' என்று அவர் சொன்னதற்குக் கிட்டத்தட்ட வந்துவிடுவோம்.

லாக் பெருப்பதற்கு இது ஒன்றுதான் காரணம் என்று இல்லை. அந்த நெடுவரிசையில் 'ஆக்டிவ்_டிரான்சாக்ஷன்' என்று வந்தால் யாரோ ஒரு புண்ணியவான் பிகின் டிரான் கொடுத்துவிட்டு கமிட் கொடுக்காமல் எழுந்து போயிருக்கிறார். ஒரு தடவை டிபிசிசி ஓப்பன்டிரான் போட்டு, ஆளைக் கண்டுபிடித்து, போன் செய்தால், அவர் பொங்கலுக்கு ஊருக்குப் போகும் பஸ்ஸில் இருந்தார். லேப்டாப் ஆபீஸில், விண்டோ திறந்தபடி. அப்படிப்பட்ட நேரத்தில் லாக் பேக்கப் எத்தனை எடுத்தாலும் பிரயோஜனம் இல்லை. அந்தப் பழைய டிரான்சாக்ஷன் ஆரம்பித்த இடத்திலிருந்து ஒரு வரியும் விடப்படாது. மூன்று கோடி பழைய வரிகளை ஒரே டெலீட்டில் தூக்குவதும் இதே வகை. நாலாயிரம் நாலாயிரமாகத் தூக்கி, ஒவ்வொன்றையும் கமிட் செய்து, நடுவில் லாக் பேக்கப் ஓட இடம் கொடுத்தால் லாக் அசையவே அசையாது. ஐந்தாயிரம் லாக்கை நெருங்கினால் டேபிளையே பூட்டிவிடும் என்பதால் நாலாயிரம். இந்த லாக் பூட்டு லாக். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுவது இந்தத் தொழிலின் சாபம்.

'ரெப்ளிகேஷன்' (மாற்றங்களை வேறு சர்வருக்கு நகலெடுப்பது) என்று வந்தால், ரெப்ளிகேஷனே வைத்துக்கொள்ளாதவர்கள் திகைப்பார்கள். மாற்றங்களைப் பின்தொடரும் சிடிசியை யாரோ இயக்கிவிட்டு, லாக்கைப் படிக்கும் ஜாப் நின்றுபோயிருந்தால் இப்படி வரும். 'அவெய்லபிலிட்டி_ரெப்ளிகா' என்றால் துணை சர்வர் எங்கோ படுத்துக் கிடக்கிறது. போஸ்ட்கிரஸிலும் இதற்கு அண்ணன் தம்பி உண்டு: கைவிடப்பட்ட ரெப்ளிகேஷன் ஸ்லாட். படிக்க வராத ஒருவருக்காக வால் கோப்புகளைச் சேர்த்துக்கொண்டே போய் டிஸ்க்கை நிரப்பிவிடும். 13ஆம் பதிப்பில்தான் அதற்கு ஒரு உச்சவரம்பு வைக்க வழி வந்தது. எல்லாவற்றிலும் விஷயம் ஒன்றே, யாரோ ஒருவர் இன்னும் அந்தப் பக்கத்தைப் படித்து முடிக்கவில்லை. எஸ்க்யூஎல் சர்வர் 2019இல் வந்த ஏடிஆர் (ஆக்சிலரேட்டட் டேட்டாபேஸ் ரெக்கவரி) என்ற வசதி, நீண்ட டிரான்சாக்ஷன் திறந்திருந்தாலும் லாக்கை விடுவிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறது. அதற்குப் பதிலாகப் பழைய வரிகளின் நகலை டேட்டாபேஸுக்குள்ளேயே வைத்துக்கொள்கிறது. இடம் எங்காவது போகத்தான் செய்யும்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், டெஸ்ட் சர்வர்கள். புரொடக்ஷனிலிருந்து ரீஸ்டோர் செய்தால் ஃபுல் மாடலும் கூடவே வந்துவிடும், லாக் பேக்கப் ஜாப் வராது. ஒரு ஃபுல் பேக்கப்புக்கும் கொடுத்து வைக்காத புது டேட்டாபேஸ், பெயருக்கு ஃபுல் மாடலில் இருந்தாலும் சிம்பிள் போலத்தான் நடந்துகொள்ளும். யாரோ நல்லெண்ணத்தில் ஒரு பேக்கப் எடுப்பார், அந்த நிமிஷத்திலிருந்து லாக் வளர ஆரம்பிக்கும். நேற்றைய நிலைக்குத் திரும்பினால் போதும் என்கிற டேட்டாபேஸை சிம்பிளில் வைப்பதில் எந்தக் கௌரவக் குறைச்சலும் இல்லை. எல்லாவற்றுக்கும் ஃபுல்தான் சிறந்தது என்று சண்டைக்கு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய சர்வரில் லாக் பேக்கப் ஜாப் இருக்கிறதா என்று கேட்டால் பேச்சு மாறும்.

கோயம்புத்தூர் தம்பி மூன்று மாதம் கழித்துக் கூப்பிட்டார். சாஃப்ட்வேர்காரர் சர்வரைப் பார்த்துவிட்டுச் சொல்லியிருக்கிறார்.

"அண்ணா, லாக்குல எட்டு ஜிபில ரெண்டு பர்சன்ட்தான் யூஸ் ஆகுதுங்களாம். மீதி சும்மாதான் கெடக்குதுங்க. ஷ்ரிங்க் பண்ணிரட்டுங்களா?"

"ஞாயித்துக்கிழமை ராத்திரி ரீபில்ட் ஓடறப்போ ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புங்க தம்பி, அப்புறம் பேசலாம்" என்றேன்.

ராத்திரி ஒன்று இருபதுக்கு வாட்ஸப்பில் வந்தது. டிபிசிசி எஸ்க்யூஎல்பெர்ஃப் காட்டிய வரியைச் சுற்றிச் சிவப்பில் வட்டம் போட்டிருந்தார். 81 சதவீதம். கீழே ஒரு வரியும் எழுதவில்லை. காலையில் இன்னொரு படம், மறுபடி 2 சதவீதம், அதன் கீழே, "இருக்கட்டுங்கண்ணா."